எண்ணின் தலைமேல் ஒரு கோடு

ராஜா,

கடிதம் என்றால் முதலில் சௌக்கியமா என்று கேட்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் எங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்க நைனாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்து எழுந்தால் முனகுகிறார். எனக்கு வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும், பொறுத்துக்கொள். இதை எந்தத் தபால் பெட்டியில் போடப் போகிறாய் என்று கேட்காதே. உன் கப்பல் புயலில் காணாமல் போனபோது, கடைசியாக அது எங்கே இருந்தது என்று கம்பெனிக்காரர்கள் நாலு எண்கள் கொடுத்தார்கள். உன் விலாசம் என்று எங்களிடம் இருப்பது அதுதான். அந்த விலாசத்துக்கு எந்தத் தபால்காரன் சைக்கிள் மிதிப்பான்?

இத்தனை வருஷம் எழுதாதவள் இப்போது ஏன் உட்கார்ந்துவிட்டாள் என்றால், நாங்கள் வீடு மாறிவிட்டோம். தோல் தொழிற்சாலை கொடுத்த வீடு அது. நைனாவுக்கு வேலை முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ரெண்டு தெரு தள்ளி, மசூதிக்குப் பின்னால், ஓர் அறையும் சமையல்கட்டும் பின்னால் கொஞ்சம் வாசலுமாகக் கிடைத்தது. நீ பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் இனிமேல் வேறு யாரோ திறப்பார்கள். நீ தட்டப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிவதுபோல இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் வீடு மாறியதைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாக்கள் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டுமாம். நீ கப்பலேறும்போது நானும் நிறையச் சொன்னேன். ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே, யாரிடமும் கடன் வாங்காதே, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எதற்காவது உதவியதா? கடலுக்கு நடுவில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவனைக் கடல் விட்டுவிடுமா என்ன. எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது. இப்போது உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதுவும் நீ எனக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து வந்தது. முழுவதும் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் பங்குனி மாதம் கப்பல் வேலையிலிருந்து நீ லீவில் வந்தாய். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் இன்றைக்குத்தான் என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாய். தோல் காயப்போடும் இடத்திலிருந்து ஒரு சவுக்குக் கழியைத் தூக்கி வந்து நம் பின்வாசலில் நட்டாய். சரியாக நான் மிளகாய் காயவைத்திருந்த இடத்தில்! நான் கத்தினேன். "ம்மா, கத்தாத. நம்ம வூடு இந்த ஒலகத்துல எங்க இருக்குதுன்னு இன்னிக்குக் கண்டுபுடிச்சிடலாம்" என்றாய். "இன்னாடா கண்டுபுடிக்கிறது? ஆம்பூர்ல இருக்குது. ரயில் கேட்டாண்ட இருக்குது. கண்ணு தெரியாதவன்கூட நாத்தத்த வெச்சே வந்து சேந்துடுவான்" என்றேன். நீ சிரித்தாய். கழி நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாய். நிழல் நுனியில் கோடு போட என் கையில் ஒரு சாக்கட்டியைக் கொடுத்து உட்காரவைத்தாய். மிளகாய் போச்சு, அடுப்பில் குழம்பும் அடிப்பிடித்தது.

நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. நான் கோடு மேல் கோடு போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நைனா வாசலிலேயே நின்றுவிட்டார். அளவு என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அவர் சும்மா இருப்பாரா? வாழ்நாள் முழுக்கத் தோல் அளந்த மனுஷன். "தள்ளு, நான் அளக்கறேன்" என்று ஸ்கேலோடு குந்திவிட்டார். நிழல் இதற்குமேல் குறையாது என்ற இடம் வந்ததும் நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய், அவர் நிழலைப் பார்த்தார். "ஒண்ணு ஒண்ணுக்கு ஜாஸ்தி, ஒண்ணு ரெண்டுக்குக் கம்மி" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நைனா, இது ஆட்டுத் தோலு இல்ல. அடி, அங்குலத்துல சொல்லு." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் ஒண்ணுதான்டா" என்றார்.

உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். தோல் அளக்கிறவர்கள் தோலின் பின்பக்கத்தில் எத்தனை சதுர அடி என்று பெரிதாக எழுதி, அந்த எண்ணின் தலைமாட்டில் சின்னதாக இன்னோர் எண் போடுவார்கள். சின்ன ஒன்று என்றால் கால், ரெண்டு என்றால் அரை, மூன்று என்றால் முக்கால். "அஞ்சு மூணு" என்று உங்க நைனா கூவினால் அது ஐந்தே முக்கால் அடித் தோல்; "ஒண்ணு ஒண்ணு" ஒன்றேகால் அடி, "ஒண்ணு ரெண்டு" ஒன்றரை. அவருக்கு எண் என்றால் இது மட்டும்தான். ரேஷன் கடையில் அரிசியைக்கூட அப்படித்தான் கேட்பார், கடைக்காரன் முழிப்பான்.

அன்றைக்கு அவர் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் ஓடிவிட்டார். மிச்சத்தைக் கேட்டது நான் மட்டும்தான். எட்டாவது வரைக்கும் படித்தவள் என்று என்னை எத்தனை முறை கேலி செய்திருப்பாய், அன்றைக்கு மட்டும் பொறுமையாகச் சொன்னாய். கழிக்கும் நிழலுக்கும் உள்ள கணக்கில் வடக்கு எத்தனை பாகை என்று வரும். இந்தியா முழுவதற்கும் ஒரே மணி, ஆனால் நம் வாசலில் சூரியன் உச்சிக்கு வருவது கால் மணி பிந்தித்தான், அதிலிருந்து கிழக்கு எத்தனை பாகை என்று வரும். குச்சிக்கு அவ்வளவுதான் துல்லியம் என்று சொல்லிவிட்டு, உன் வரைபடத்தை விரித்துச் சரிபார்த்து, மீந்த தார் டப்பாவில் குச்சியைத் தோய்த்துப் பின்சுவரில் எழுதினாய். வடக்கு 12° 47′. கிழக்கு 78° 43′.

"இது இன்னாடா தலமேல சுழி, கோடு?" என்று கேட்டேன். "சுழி போட்டா பாகை. ஒத்தக் கோடு போட்டா நிமிஷம். அறுவது நிமிஷம் சேந்தா ஒரு பாகை." "கடியாரத்து நிமிஷம் மண்ணுல எப்படிடா வந்துச்சு?" என்றேன். நீ என் கன்னத்தைக் கிள்ளினாய். "ம்மா, இதான் நம்ம அட்ரஸு. எந்தக் கடல்ல இருந்தாலும் இத வெச்சு நான் வூட்டுக்கு வந்துடுவேன்." கையெல்லாம் தார். என் கன்னத்திலும் தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ரெண்டு நாள் போகவில்லை. இப்போது நினைத்தால், அதை ஏன் தேய்த்தேன் என்று இருக்கிறது.

அந்த ஐப்பசியில்தான் தந்தி வந்தது. நானும் நைனாவும் அன்றே ரயிலேறி மெட்ராசுக்குப் போனோம். கப்பல் ஆபீசில் ஒரு குமாஸ்தா, நல்ல பையன், உன் வயதுதான் இருக்கும், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். புயலில் மாட்டிக்கொண்டதாகவும், கப்பலில் தண்ணீர் ஏறுகிறது என்று கடைசியாகச் செய்தி வந்ததாகவும், அப்புறம் ஒன்றும் வரவில்லை என்றும் சொன்னான். எங்கே என்று நைனா கேட்டார். அவன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். "நைன் ஒன் நார்த், நைன்டி டூ த்ரீ ஈஸ்ட்" என்று வாயாலும் சொன்னான். ஒன்பது பெரிதாக, அதன் தலைமாட்டில் சின்னதாக ஒன்று. தொண்ணூற்றிரண்டு பெரிதாக, தலைமாட்டில் சின்னதாக மூன்று. நைனாவின் முகத்தைப் பார்த்தேன். தெரிந்த பாஷையில் யாரோ பேசியதுபோல அவர் தலையை ஆட்டினார்.

திரும்பி வந்ததும் புத்தகக் கடையில் ஒரு அட்லஸ் வாங்கினார். தரையில் விரித்து, ஸ்கேலை வைத்து, "ஒம்போதே கால்... தொண்ணூத்தி ரெண்டே முக்கால்..." என்று விரலை நகர்த்தினார். விரல் நிக்கோபார் பக்கத்தில் ஒரு தீவின் மேல் போய் நின்றது. பொட்டு மாதிரி ஒரு தீவு, அதன் மேலேயே. அவர் அழுதுவிட்டார் ராஜா. "தர! தரதான்மே! கப்பலு கரையில ஏறி நின்னுக்கினு இருக்குது. கொழந்த தீவுல இருக்கான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பக்கத்து வீட்டுக் கபூர் பாய், அவரோடு அளவுப் பிரிவில் இருந்தவர், ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தந்தி வந்த நாளிலிருந்து பச்சைத் தண்ணீரில் காலம் தள்ளிய மனுஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

நான் அந்தத் துண்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதின் மேல் சுழி இருந்தது. ஒன்றின் மேல் கோடு இருந்தது. மூன்றின் மேலும் ஒரு கோடு. அவர் கண்ணுக்கு அது பேனா சிந்திய புள்ளி. எனக்கு உன் குரலே கேட்டது, ஒத்தக் கோடு போட்டா நிமிஷம். கால் இல்லை, அறுபதில் ஒரு பங்கு. முக்கால் இல்லை, அறுபதில் மூன்று பங்கு. அவர் கொல்லைக்குப் போன நேரத்தில் அட்லஸில் நான் விரலை வைத்துப் பார்த்தேன். நீலம். கரைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இங்கிருந்து வாலாஜாபேட்டை போகிற தூரம் இருந்தது. அவ்வளவும் தண்ணீர், அதுவும் புயலில் புரளுகிற தண்ணீர். நீ பாலாற்றில் வெள்ளம் வந்தபோதே இடுப்பளவுக்கு மேல் இறங்காதவன். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் முடிந்துபோய்விட்டது. நான் எழுந்து தட்டைக் கழுவினேன்.

சொல்லத்தான் நினைத்தேன். தினமும் நினைத்தேன். அவர் சாப்பிட ஆரம்பித்திருந்தார், தூங்க ஆரம்பித்திருந்தார். கலெக்டர் ஆபீஸ், எம்.எல்.ஏ. வீடு, மறுபடி மெட்ராஸ் என்று அலைந்தார். தேடிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். "தண்ணியில தேடினா எப்படிக் கெடைப்பான்? தீவுல தேடுங்க சார்" என்று இவர் சண்டை போட்டார். யாரும் அவரிடம் உட்கார்ந்து அந்த எண்களை விளக்கவில்லை. ஒருவேளை விளக்கியிருப்பார்கள், இவர் காது கொடுத்திருக்க மாட்டார்.

தை பிறந்ததும் ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "முதலாளியாண்ட சொல்லிட்டேன். நாளைக்குக் கணக்க முடிச்சிக்கிறேன். அந்தத் தீவுக்குப் போறதுக்குப் பர்மிட் வோணுமாம், அது கெடைக்கற வரைக்கும் போர்ட்பிளேர்ல கூலி வேல செஞ்சாவது இருக்கறேன். கொழந்தயக் கூட்டிக்கினுதான் வருவேன்" என்றார். ஒரு டிரங்குப் பெட்டியில் உன் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். உனக்கு மாற்றுத் துணி இல்லாமல் இருக்குமாம். அவருடையது ஒன்றுகூட வைக்கவில்லை. அந்த நீலச் சட்டையை அவர் மடித்த விதத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. இந்த மனுஷன் போவார், ஏதோ ஊரில், ஏதோ கரையில், சாகிற வரைக்கும் தேடுவார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று. இவரையுமா கொடுக்க வேண்டும்?

கையைப் பிடித்து இழுத்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். "இன்னாம்மே பேஜாரு பண்ற?" என்று திமிறினார். சுவரைக் காட்டினேன். "இது இன்னா?" "கொழந்த எழுதினது." "இன்னா எழுதிக்கிறான்?" "நம்ம வூட்டு கணக்கு." "அந்தக் கோடு போட்டதெல்லாம் உன் கணக்குல காலுதான? அப்ப பன்னண்டும், நாப்பத்தேழு காலும். கூட்டு." அவருக்குக் கணக்கு வாயிலேயே இருக்கும், யோசிக்கக்கூட வேண்டாம். "இருவத்தி மூணு மூணு" என்றார். "எழுவத்தெட்டும், நாப்பத்தி மூணு காலும்?" "எம்பத்தெட்டு மூணு." நான் அட்லஸை அவர் முன்னால் விரித்தேன். "இப்ப நீயே வெரல வெய்."

வைத்தார். வடக்கே போனார், கிழக்கே போனார், ஆந்திரா தாண்டினார், ஒரிசா தாண்டினார். விரல் வங்காளத்தில், பார்டர் ஓரத்தில் போய் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அங்கேயே. "நம்ம வூடு வங்காளத்துலயா இருக்குது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "காலு இல்லய்யா அது. அறுவதுல ஒரு பங்கு. கொழந்த எனக்குச் சொல்லிக் குடுத்தான். நீ சங்கு ஊதிச்சுன்னு போய்ட்ட." அவர் சுவரைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்த துண்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தார். அந்தக் கோடுகளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். அட்லஸைத் திருப்பித் தீவுக்குக் கொண்டுவந்து, அதன் பக்கத்து நீலத்தில் விரலை வைத்தார். அந்த விரலை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. கடைசியில், "இத ஒண்ணச் சொல்றதுக்கு இத்தினி நாளா ஒனக்கு?" என்றார். "நீ சாப்ட்டுக்கினு இருந்தியா..." என்று மட்டும் வந்தது. டிரங்குப் பெட்டியை நான்தான் காலி செய்தேன்.

ஆக, ராஜா, உனக்கு நான் சொல்ல வைத்திருந்த புத்திமதி இதுதான். யாராவது ஒரு பொய்யான நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு சோறு தின்றால், தின்று முடிக்கிற வரைக்கும் விடு. பெட்டி கட்ட ஆரம்பித்தால் சொல்லிவிடு. இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய், எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஒரு பெண்டாட்டி வந்திருந்தால், பிள்ளைகள் பிறந்திருந்தால், எங்கேயாவது ஒரு நாள் உதவியிருக்கும்.

அதற்கப்புறமும் அவர் வேலைக்குப் போனார். ஆனால் கை மாறிவிட்டது. தோலில் பெரிய எண்ணை எழுதுவார், சின்ன எண் எழுத வேண்டிய இடத்தில் சாக்கட்டி நின்றுவிடும். கபூர் பாய்தான் யாருக்கும் தெரியாமல் பக்கத்தில் வந்து அந்தக் கால் கணக்கைப் போட்டுவிட்டுப் போவாராம். ரிடையர் ஆகிற வரைக்கும் அப்படியே ஓட்டினார்கள். பாய் இதை என்னிடம் போன மாதம்தான் சொன்னார், சொல்லிவிட்டு அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் உன் பேச்சு எடுத்தால் நைனா எழுந்து போய்விடுவார். நானும் எடுப்பதை விட்டேன். ஒரே வீட்டில் ரெண்டு பேர், இருக்கிறது ஒரே துக்கம், அதையும் தனித்தனியாகப் படுகிறோம். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று சொன்னவர்களை எல்லாம் நிற்கவைத்துக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

வீடு மாறுவது என்று முடிவானதும் அந்தச் சுவரை என்ன செய்வது என்றுதான் எனக்கு நினைப்பு. பெயர்த்துக்கொண்டா போக முடியும்? வரப்போகிறவர்கள் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்குச் சாமான்களை எல்லாம் கைவண்டியில் ஏற்றிய பிறகு, நைனா நீ நட்ட அந்தச் சவுக்குக் கழியையும் தூக்கி ஏற்றினார். இதுவும் ஒரு பங்குனி. நீ சொன்ன அந்தச் சமமான நாள் வந்ததும், புது வீட்டு வாசலில் கழியை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டார். என் பக்கம் சாக்கட்டியை நீட்டினார். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டார், என் கண் சரியாகத் தெரியவில்லை, ரெண்டு கிழங்களும் வெயிலில் குந்தி நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு டிவியில் என்னவோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிழல் சுருங்கி நின்றது. அவர் அளந்தார்.

"ஒண்ணு ஒண்ணுக்கு ஜாஸ்தி, ஒண்ணு ரெண்டுக்குக் கம்மி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் உன்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "கொழந்த கணக்குல இப்ப நாம எங்க இருக்கறோம்?" "அதே எடத்துலதான்" என்றேன். "ரெண்டு தெருவெல்லாம் குச்சிக்குத் தெரியாது." "அப்ப அட்ரஸு மாறல" என்றார். "மாறல" என்றேன். அவர் அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மறுநாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது புதுச் சுவரில் தாரால் எழுதியிருந்தது. 12 47. 78 43. சுழியும் இல்லை, கோடும் இல்லை. பார்க்கிறவர்கள் ஏதோ தோல் கணக்கு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். எண்களின் தலைமேல் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குடத்தை இறக்கிவிட்டு நான் முக்காலியைப் போட்டு ஏறினேன். விழுந்துவிடப் போகிறேன் என்று அவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஒரு சுழி, எழுபத்தெட்டுக்கு ஒரு சுழி. நாற்பத்தேழுக்கு ஒரு கோடு, நாற்பத்து மூன்றுக்கு ஒரு கோடு. கையில் தார் பட்டது. இந்தத் தடவை தேய்க்கவில்லை.

நீ வரமாட்டாய், ராஜா. நான் யாரையும் ஏமாற்றவில்லை, என்னையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. இருந்தாலும் நம் வீடு வங்காளத்தில் இருக்கக் கூடாது.

உன் அம்மா